காட்டாமணக்கு கணக்க முதல்ல முடிங்க: உயிரி எரிபொருள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழுவுல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெரம்பலூர் மாவட்டத்துல வானம் பார்த்த ஊர் ஒண்ணுல விவசாயம் பண்றவன். மக்காச்சோளம், பருத்தி, கிணத்துல தண்ணி இருந்தா கொஞ்சம் சின்ன வெங்காயம், இதான் எங்க பொழப்பு. செடி, சாணி, எண்ணெய்னு உயிருள்ள பொருள்ல இருந்து எடுக்குற எரிபொருள பெட்ரோல்ல எவ்வளவு கலக்கணும், டீசல்ல எவ்வளவு கலக்கணும், எந்தப் பொருள்ல இருந்து எடுக்கலாம்னு முடிவு பண்ற இடத்துல நீங்க இருக்கீங்க, அதனாலதான் தாசில்தார் ஆபீஸுக்கோ வேளாண்மை ஆபீஸுக்கோ எழுதாம நேரா உங்களுக்கு எழுதுறேன். தமிழ்லயே எழுதுறேன், உங்ககிட்ட படிச்சுச் சொல்ல ஆள் இருப்பாங்கன்னு நம்புறேன்.

போன மாசம் எங்க வீட்டுக்கு ரெண்டு பேரு பைக்ல வந்தாங்க. சாண எரிவாயு மாதிரியே புல்லுல இருந்து கேஸ் எடுத்து வண்டிக்கு அடிக்கிற பிளான்ட் ஒண்ணு வரப்போகுதாம், அதுக்கு நேப்பியர் புல்லு நடணுமாம், ஒரு தடவ நட்டா அஞ்சு வருஷத்துக்கு அறுத்துக்கிட்டே இருக்கலாமாம், ஏக்கருக்கு வருஷத்துக்கு நூத்தம்பது டன் வருமாம். எங்கப்பா திண்ணைல உக்காந்து எல்லாத்தையும் கேட்டாரு. கடைசில ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "தம்பி, நாளைக்கு நீங்க வாங்கலன்னா வேற யாரு வாங்குவா, அத எழுத்துல குடுப்பீங்களா?" அதெல்லாம் கம்பெனில பேசிக்கலாம்ங்க ஐயான்னாங்க. அப்பா எந்திரிச்சு மாட்ட அவுத்து மாத்திக் கட்டப் போயிட்டாரு. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சது.

வந்தவங்களுக்கு அவரு ஏன் அப்படிப் போனாருன்னு புரியல. உங்களுக்குப் புரியணும்னுதான் இந்த மடல்.

2006ல எங்க மேட்டுக்கொல்லை மூணு ஏக்கர்லயும் காட்டாமணக்கு நட்டோம். அப்ப நான் ஒன்பதாவது படிச்சேன். அதுக்கு முன்னாடி அந்தக் கொல்லைல வரகு, கொள்ளு, ஓரத்துல ஆமணக்கு, மழை நல்லா இருந்தா கடலை போடுவோம். காட்டாமணக்குன்னா எங்களுக்குப் புதுசு ஒண்ணும் இல்ல, வேலில நிக்கிற செடி, ஆடு மாடு கடிக்காதுங்கறதாலதான் வேலிக்கே வெப்பாங்க. பள்ளிக்கூடம் போற வழில இலையக் கிள்ளி, அந்தக் காம்ப வளையமா மடிச்சு, அதுல வடியிற பால்ல ஊதுனா சோப்புத் தண்ணில வர்ற மாதிரியே முட்டை முட்டையா பறக்கும், சட்டைல பட்டா கறை போகாது, அதுக்கு வீட்ல அடியும் விழும். எங்களுக்குத் தெரிஞ்ச காட்டாமணக்கு அதுதான். அந்தச் செடிய போய் கொல்லைக்கு நடுவுல வரிசையா நடச் சொன்னப்ப எங்க அப்பாயி சிரிச்சுது. வேலிய எடுத்து வீட்டுக்குள்ள நடுறியாடான்னு கேட்டுச்சு.

ஆனா அப்பா ஏன் நட்டாருன்னு சொல்றேன். அவரு ஏமாந்தவருன்னு யாரும் நினைக்க வேணாம். 2003ல டெல்லில அப்ப இருந்த மத்திய திட்டக் குழுவே அறிக்கை போட்டுச்சு, 4 லட்சம் ஹெக்டேர்ல முதல்ல நட்டுப் பாக்கலாம், அப்புறம் 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் வரைக்கும் போயி, 2011-12க்குள்ள நாட்டோட டீசல்ல 20 சதவீதத்த காட்டாமணக்கு எண்ணெய்லயே ஓட்டிரலாம்னு. ரயில்வேல பயோடீசல், அதாவது இந்த மாதிரி எண்ணெய்ல பண்ற டீசல், கலந்து ரயில் ஓட்டிப் பாத்தாங்க. ஜனாதிபதியா இருந்த கலாம் ஐயாவே இந்தச் செடியப் பத்திப் பல மேடைல பேசினாரு. கலாம் ஐயா சொல்றாருன்னா எங்க ஊர்ல அதுக்கு மேல பேச்சே கிடையாது. கூட்டுறவு பேங்க்ல கடன் குடுத்தாங்க, கன்னு குடுத்த கம்பெனி (பேரு சொல்லல, இன்னைக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது) விதையத் திரும்ப நாங்களே எடுத்துக்குறோம்னு சொல்லுச்சு. அரசாங்கம் சொல்லுது, ஜனாதிபதி சொல்றாரு, பேங்க் பணம் குடுக்குது, கம்பெனி வாங்கிக்குறேன்னு சொல்லுது. இதுக்கு மேல ஒரு சம்சாரி எதைப் பாத்து முடிவு பண்ணணும்?

ஏக்கருக்கு ஆயிரம் கன்னு. ஆறடி விட்டு ஆறடி குழி. முதல் வருஷம் குடம் குடமா தூக்கி ஊத்தினோம், லீவு நாள்ல நானும் என் தங்கச்சியும். தண்ணி வேணாம், தரிசுல வளரும், மூணாவது வருஷத்துல இருந்து செடிக்கு ரெண்டு கிலோ விதை, அம்பது வருஷம் பலன், இதான் எங்களுக்குச் சொன்னது. செடி சாகல, அது உண்மைதான். கோடைல எல்லா இலையும் உதுந்து குச்சியா நிக்கும், ஒரு மழை விழுந்தா திரும்பத் துளுக்கும். ஆனா சாகாதுங்கறது வேற, காய்க்கும்ங்கறது வேற. தண்ணி இல்லாம உசுரோட நிக்கிற செடி தண்ணி இல்லாம எண்ணெய் குடுக்காது, இது எங்க அப்பாயிக்குத் தெரியும், டெல்லில கணக்குப் போட்டவங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. நட்டதும் தேறுன ரகம் இல்ல, வேலிலயும் காட்டுலயும் கெடந்த விதைல மொளைக்க வெச்ச கன்னு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு ஒரே மாதிரி காய்க்காது. பூ பூராவும் ஆண் பூவா பூக்கும், இருபது ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ இருந்தாப் பெருசு. நாலாவது வருஷம் நல்ல செடிலயே கால் கிலோ வந்துச்சு, பாதிச் செடில ஒரு கைப்பிடி.

இனி பறிப்பு. இதப் பத்தி எந்த அறிக்கைலயும் சரியா எழுதி நான் பாத்ததில்ல, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். கடலைன்னா ஒரு நாள்ல புடுங்கிரலாம், மக்காச்சோளம்னா ஒரே மட்டா ஒடிச்சிரலாம். காட்டாமணக்கு அப்படி இல்ல. ஒரே கொத்துல ஒரு காய் பச்சையா இருக்கும், ஒண்ணு மஞ்சளா பழுத்திருக்கும், ஒண்ணு கருப்பா காஞ்சு தொங்கும். காஞ்சத மட்டும் பறிச்சிட்டுப் போயி ஒரு வாரம் கழிச்சு அதே செடிக்குத் திரும்ப வரணும், அப்புறம் இன்னொரு தடவ, இப்படி ரெண்டு மாசம் மூணு மாசம். பறிச்சத தோல உடைச்சு உள்ள இருக்குற கருப்பு விதைய எடுக்கணும், காயிக்கு ரெண்டு மூணு. எங்க அம்மாவும் அப்பாயியும் திண்ணைல உக்காந்து கல்ல வெச்சுத் தட்டித் தட்டி எடுப்பாங்க. ஒரு ஆள் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் பறிச்சு உடைச்சா எங்க செடிக்கு 20 கிலோ தேறாது. கம்பெனி ஆளு சொன்ன விலை கிலோவுக்கு 5 ரூபா. நூறு ரூபாய்க்கு விதை. அப்ப நூறு நாள் வேலைக்குப் போனாலே 80 ரூபா கூலி. இதுல உழவு எங்க, களை எங்க, பேங்க் வட்டி எங்க?

அந்த அஞ்சு ரூபாயும் யாரோ கஞ்சத்தனத்துல வெச்ச விலை இல்லன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சது. பெட்ரோலியத்துறை 2005 அக்டோபர்ல பயோடீசல் கொள்முதல் கொள்கைன்னு அறிவிச்சு, 2006 ஜனவரில இருந்து லிட்டருக்கு 25 ரூபாய்க்கு வாங்குறோம்னு சொன்னாங்க. ஒரு லிட்டர் பயோடீசலுக்கு மூணரை நாலு கிலோ விதை வேணும். விதைல முப்பது முப்பத்தஞ்சு சதவீதம்தான் எண்ணெய், அதுலயும் செக்குலயும் எக்ஸ்பெல்லர்லயும் கொஞ்சம் புண்ணாக்கோட போயிரும். அப்புறம் அந்த எண்ணெய மெத்தனால், காஸ்டிக் சோடா சேத்து சூடு பண்ணி கிளிசரின் பிரிச்சு எடுக்கணும். ஆலை செலவு, மெத்தனால் செலவு, லாரி வாடகை எல்லாம் போக அந்த 25 ரூபாய்ல விதைக்கு அஞ்சு ரூபாய்க்கு மேல குடுக்கவே முடியாது. அதாவது நாங்க குழி தோண்டுறதுக்கு முன்னாடியே, காகிதத்துலயே இந்தக் கணக்கு தேறல. பத்து வரில ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் போட்டுப் பாத்திருக்கலாம். அந்த விலைக்கு யாரும் பயோடீசல் கொண்டுவந்து குடுக்கல, எண்ணெய் கம்பெனிங்க பங்க்ல பயோடீசல் கலந்து விக்க ஆரம்பிச்சதே 2015 ஆகஸ்ட்லதான், அதுவும் டெல்லி, விசாகப்பட்டினம் மாதிரி ஒரு சில ஊர்ல. அதுக்குள்ள நாங்க செடியவே புடுங்கிட்டோம்.

2010ல புடுங்கினோம். கடைசி ரெண்டு பறிப்பு விதை பதினொரு மூட்டை ஒரு வருஷம் திண்ணைலயே கெடந்துச்சு, வாங்க வர்றேன்னு சொன்ன ஆளு போன எடுக்கல. ஆமணக்கா இருந்தா யாவாரி வீடு தேடி வருவான். கடலையா இருந்தா நாமளே ஆட்டித் தின்னுக்கலாம். வரகா இருந்தா கஞ்சி. இத என்ன பண்றது? எண்ணெய் விஷம், புண்ணாக்கு விஷம், மாட்டுக்கும் வெக்க முடியாது. ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பய அந்த மூட்டைல ஓட்டை போட்டு நாலஞ்சு விதைய கடலைன்னு நினைச்சுத் தின்னுட்டான். ராத்திரி பூராவும் வாந்தி, கண்ணு சொருகிப் போச்சு, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், குளுக்கோஸ் ஏத்தி மறுநாள் எந்திரிச்சான். அன்னைக்கு சாயங்காலமே அப்பா பதினொரு மூட்டையையும் வண்டில போட்டுக்கிட்டு போயி குழி வெட்டிப் புதைச்சிட்டாரு. எங்க அம்மா அழுதுச்சு, விதைக்காக இல்ல, கையத் தடவித் தடவிப் பாத்து அழுதுச்சு. அவ்வளவு நாள் தட்டின கை.

கடன் மட்டும் போகல. அத அடைக்க ரெண்டு பசு மாட்ட வித்தோம்.

இதையெல்லாம் சொல்றதால நான் உயிரி எரிபொருளே வேணாம்னு சொல்ற ஆளுன்னு நினைச்சிராதீங்க. எங்க பெரியப்பா வீட்ல சாண எரிவாயு தொட்டி இருக்கு, நாலு மாட்டுச் சாணில காலைக் காபில இருந்து ராத்திரி சோறு வரைக்கும் அடுப்பு எரியுது, மிஞ்சின கரைசல் வெங்காயத்துக்குப் போகுது. அதுல யாருக்கும் நட்டம் இல்ல. டேராடூன் பெட்ரோலிய நிறுவனத்து விஞ்ஞானிங்க, சத்தீஸ்கர் விவசாயிங்க குடுத்த இதே காட்டாமணக்கு எண்ணெய்ல எரிபொருள் பண்ணி, சாதாரண விமான எரிபொருளோட கலந்து, 2018 ஆகஸ்ட்ல டேராடூன்ல இருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானத்த ஓட்டிக் காட்டினாங்க, டிவில பாத்தப்ப அப்பாவே கை தட்டினாரு. செடில குத்தம் இல்ல. கொல்லைக்கு நடுவுல, சோறு போடுற நிலத்துல, வாங்க ஆள் இல்லாம நட வெச்சதுலதான் குத்தம். கர்நாடகால ஹாசன் பக்கம் 2007ல ஆரம்பிச்ச உயிரி எரிபொருள் பூங்கால வேற மாதிரி பண்ணாங்க, புங்கன், வேம்பு, இலுப்பைன்னு அந்த மண்ணுக்குப் பழகின மரத்த வரப்புலயும் வேலி ஓரத்துலயும் நடச் சொன்னாங்க, பயிர் நிலத்தத் தொட வேணாம்னாங்க. வெலை வந்தா கொட்டை பொறுக்கலாம், வரலைன்னா மரம் நிழலுக்கு ஆச்சு, தழை உரத்துக்கு ஆச்சு. இதுல விவசாயி தலைல எதுவும் விழல. எங்களுக்கு ஏன் யாரும் அப்படிச் சொல்லல?

இப்ப மக்காச்சோளத்துக்கு வர்றேன், ஏன்னா நீங்க இப்ப எழுதுற கணக்கு எங்க கொல்லைலதான் ஓடுது. 2013-14ல பெட்ரோல்ல ஒண்ணரை சதவீதம் எத்தனால் (எரிசாராயம்), 2022 ஜூன்ல பத்து, 2025ல இருபது. இது பெரிய வேலைதான், மறுக்கல. கரும்பு மட்டும் பத்தாதுன்னு மக்காச்சோளத்துல எடுக்க ஆரம்பிச்சதும் எங்களுக்கு விலை ஏறுச்சு, ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சு, பொய் சொல்லல. அதே விலை நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்களுக்குத் தீவனத்துல இடிச்சுது, அவங்க வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ணக் கேட்டாங்க. எங்களுக்கு வந்த காசு அவங்க வயித்தெரிச்சல். சரி, விலை ஏறுதேன்னு எல்லாரும் மக்காச்சோளத்தையே போட்டாங்க, 2025 கடைசில என்னாச்சு? ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2400னு அறிவிச்சிருந்தும் கர்நாடகால சந்தை விலை அதுக்கு ரொம்பக் கீழ போயி ஹாவேரி விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. எத்தனாலுக்கு எவ்வளவு மக்காச்சோளம், எவ்வளவு அரிசிங்கறத வருஷா வருஷம் மேல இருக்கவங்க மாத்துறாங்க, நாங்க ஆடிலயே விதைச்சிட்டு உக்காந்திருக்கோம். இருந்தாலும் மக்காச்சோளம் விக்காமப் போனா கோழி திங்கும், மாடு திங்கும். காட்டாமணக்குக்கு அந்த வழியும் இல்லாம இருந்துச்சு. இந்த வித்தியாசத்த நீங்க அடுத்த பயிர எழுதும்போது மனசுல வெக்கணும்.

அடுத்த பயிர் வரத்தான் போகுது. 2027ல இருந்து வெளிநாடு போற விமானத்துக்கு 1 சதவீதம் உயிரி எரிபொருள், 2030ல 5 சதவீதம்னு உங்க குழுவுலயே பேசிட்டீங்க. டீசல்ல 5 சதவீதம் பயோடீசல்னு 2030க்கு இலக்கு இருக்கு, இன்னும் 1 சதவீதத்தையே தாண்ட முடியல. கேஸ்ல உயிரி வாயு கலக்கணும்னு 2025-26ல 1 சதவீதத்துல ஆரம்பிச்சு 2028-29ல 5 வரைக்கும் போகணும்னு கட்டாயம் வந்தாச்சு. அந்த அழுத்தம்தான் பைக்ல ஏறி எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கு. நேப்பியர் புல்லு காட்டாமணக்கு இல்ல, அது எனக்கும் தெரியும், விக்கலைன்னா மாட்டுக்குப் போடலாம். ஆனா அவங்க சொன்ன நூத்தம்பது டன் கணக்கு எங்க இருந்து வருது? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ-5 ரகத்துக்கு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 360 டன்னு, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய நூத்தி நாப்பத்தாறு டன்னு சொல்றாங்க, அது பாசனத்துல, உரம் போட்டு, ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவ அறுத்து எடுக்குற கணக்கு. மானாவாரி மேட்டுக்கொல்லைல வந்து அதே கணக்கச் சொன்னா அது 2006ல சொன்ன செடிக்கு ரெண்டு கிலோ மாதிரியேதான்.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். எங்க நிலத்துல எரிபொருளுக்குன்னு ஒரு பயிர நடச் சொன்னா, அந்த மாவட்டத்துலயே, மானாவாரில, மூணு வருஷம் நட்டுப் பாத்த விளைச்சல் கணக்கு இருந்தாத்தான் சொல்லணும். வாங்குறவன் வெறும் வாய்ல இல்லாம, முதல் அறுவடை வரைக்கும் ஆகுற செலவுல ஒரு பங்க பேங்க்ல டெபாசிட்டா கட்டணும், வாங்காமப் போனா அந்தப் பணம் விவசாயி கைக்கு வரணும். அரசாங்கம் சொல்லி நட்ட பயிருக்கு வாங்குன கடன், வாங்குறவன் ஓடிப்போனா விவசாயி மாட்ட வித்து அடைக்கிற கடனா இருக்கக் கூடாது. சாராய ஆலைக்கும் எண்ணெய் கம்பெனிக்கும் ஒப்பந்தம், விலை, வட்டிச் சலுகை எல்லாம் எழுத்துல குடுக்குறீங்க, விதை போடுறவனுக்கு மட்டும் ஏன் வாய்ப்பேச்சு?

அதுக்கு முன்னாடி, எங்ககிட்ட ஏற்கெனவே இருக்குறத எடுங்க. பெரம்பலூருக்கு மாசி பங்குனில வந்து பாருங்க, பருத்தி எடுத்து முடிச்ச கொல்லைல எல்லாம் பருத்தி மாரு நெருப்புல எரிஞ்சுக்கிட்டு இருக்கும். காய்ப்புழு வரக் கூடாதுன்னு அத புடுங்கி அழிச்சே ஆகணும், எடுக்க ஆள் இல்ல, அதனால எரிக்கிறோம். மக்காச்சோளம் அடிச்ச சக்கை களத்து ஓரத்துல மலையா கெடக்கும். நிலக்கரி எரிக்கிற அனல்மின் நிலையத்துல 5 சதவீதம் பயோமாஸ் உருண்டை கலந்து எரிக்கணும்னு 2021லயே மின்துறை சொல்லியிருக்கு. அந்த உருண்டை அடிக்கிற மெஷின் ஒன்றியத்துக்கு ஒண்ணு வெச்சு, மாரு வெட்ட ஒரு டிராக்டர் கருவி வாடகைக்கு விட்டா, புதுசா ஒரு சென்ட் நிலம் கூட வேணாம், ஒரு சொட்டுத் தண்ணி கூட வேணாம். டவுன்ல பஜ்ஜிக் கடைல சுட்டுச் சுட்டுக் கருத்த எண்ணெய வாங்கி பயோடீசல் பண்ண 2019ல 100 ஊருக்கு விலையோட அறிவிச்சாங்களே, அந்த பயோடீசல் லிட்டருக்கு 51 ரூபான்னு, அது மாதிரி எங்க பருத்தி மாருக்கும் ஒரு விலை சொல்லுங்க. அத விட்டுட்டு திரும்ப கொல்லைக்கு நடுவுல வந்து நிக்காதீங்க.

இன்னொண்ணு, எனக்கு இதான் ரொம்ப முக்கியம். அந்தக் காட்டாமணக்குக்கு இது வரைக்கும் எங்க ஊர்ல யாரும் வந்து கணக்கெடுக்கல. யாரு நட்டா, எத்தன ஏக்கர், எத்தன வருஷம், எவ்வளவு கடன், எப்பப் புடுங்கினான்னு ஒரு ஆபீசர் வந்து ஒரு நோட்டுல எழுதல. எங்க ஊர்ல மட்டும் பதினாலு குடும்பம் நட்டுச்சு, எனக்கே எண்ணத் தெரியுது. ஒரு திட்டம் ஜெயிச்சா விழா எடுக்குறீங்க, ஆகஸ்ட் 10ம் தேதி உலக உயிரி எரிபொருள் தினம்னு ருடால்ஃப் டீசல் பேரச் சொல்லிப் பேசுறீங்க. தோத்தத எழுதி வெக்கலன்னா அதே கணக்க வேற செடி பேர்ல இன்னொருத்தர் திண்ணைல வந்து சொல்லுவாங்க, சொல்லிட்டாங்க.

அனுப்புங்க யாரையாச்சும். அப்பாவுக்கு இப்ப 68 வயசு, ஞாபகம் நல்லா இருக்கு. கன்னு வாங்கின ரசீது, பேங்க் பாஸ்புக், கம்பெனிக்காரன் கைப்பட எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு பரண்ல வெச்சிருக்காரு. மேட்டுக்கொல்லை ஈசானி மூலைல, புடுங்கினப்ப விட்டுப்போன ஒரு செடி இன்னும் நிக்குது, இந்த வருஷமும் காய்ச்சிருக்கு. வர்றவங்க ஒரு தராசு எடுத்துக்கிட்டு வந்தா அதையும் பறிச்சு எடை போட்டுக் காட்டுறோம்.

இப்படிக்கு,
மேட்டுக்கொல்லைல காட்டாமணக்கு நட்ட ஒரு விவசாயியோட மகன்,
பெரம்பலூர் மாவட்டம்